சூப் மேசை நின்ற இடம்

ஷெர்னெட் பின்னாக் கட்டிய சவுண்ட் செட்டில் ஒயரை மாற்றிச் சொருகவே முடியாது. ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் ஒரு பூட்டுப் பிளக். ஒரே வாட்டத்தில்தான் உள்ளே போகும். திருகினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். கண்ணைக் கட்டி, ரெண்டு கிளாஸ் ரம்மையும் ஊற்றிக் கொடுத்துத் தள்ளிவிட்டாலும் எவனாலும் அதைத் தப்பாகச் சொருக முடியாது. பலகைக்கும் பசைக்கும் ஊஃபருக்கும் கடை கடையாக ஏறி இறங்கிப் பேரம் பேசியவள், அந்தப் பிளக்குக்கு மட்டும் கேட்ட விலையைக் கொடுத்தாள்.

காரணம் இருந்தது. மே பென் ஊரில் அவள் அப்பாவை எக்பர்ட் பின்னாக் என்ற பெயரில் யாருக்கும் தெரியாது. தலைகீழ் பின்னாக் என்றால் தெரியும். ரொட்டிக் கடைக்காரனிலிருந்து பாதிரியார் வரைக்கும் தெரியும்.

அப்பாவின் செட்டுக்கு ரோலிங் ரிவர் என்று பெயர். ஞாயிறு மதியமானால் ஊர் ஆட ப்ரெஸ்காட் லானில் போய் நிற்கும். பேர்தான் லான், புல் ஒன்று கிடையாது. சுற்றிலும் தகர வேலி, நடுவில் ஒரு தூங்குமூஞ்சி மரம். கிழக்கு மூலையில் ஒரு அடுக்குப் பெட்டி, மேற்கு மூலையில் ஒரு அடுக்குப் பெட்டி, ரெண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். மரத்தடியில் அம்மா மிஸ் ஐசில்டாவின் சூப் மேசை. அலமாரி உயரத்துக்கு இருந்த அந்தப் பெட்டிகளைத் தூக்க ஆறு ஆள் வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் கண்ணாடி வால்வுகள் சூடேறும்போது தூசி கருகி ஒரு வாசனை வரும். உலகத்தில் எங்கே அந்த வாசனை வந்தாலும் ஷெர்னெட்டுக்கு இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும்.

அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அது நடந்தது. ஐரன் கேட் என்ற செட்டின் சொந்தக்காரர் லாசெல்ஸ் போட்டிக்கு வந்திருந்தார். செட்டுக்குச் செட்டு போட்டி என்றால் பாட்டு பாதி, வாய் பாதி. லாசெல்ஸுக்கு வாய் முக்கால். பாதிப் போட்டியில் சட்டைப்பையிலிருந்து ஒரு டார்ச் பாட்டரியை எடுத்தார். ரோலிங் ரிவரின் கிழக்கு அடுக்கில் ஒயரைக் கழற்றிப் பாட்டரியில் தொட்டுக் காட்டினார். ஊஃபர் என்கிற அந்தப் பெரிய ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு பொத்தென்று முன்னால் குதித்தது. மேற்கு அடுக்கிலும் அதே மாதிரி தொட்டார். காகிதம் உள்ளே இழுத்துக்கொண்டது. மைக்கைப் பிடித்தார்.

"பாத்துக்குங்க மக்களே. இந்தப் பக்கம் தள்ளுது, அந்தப் பக்கம் இழுக்குது. பின்னாக் செட்டு கட்டல, மரம் அறுக்க ரம்பம் கட்டியிருக்கான். பிளஸ் எது மைனஸ் எதுன்னு தெரியாத ஆளு, எல்லாம் தலைகீழ்."

சிரிப்பு தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. ஷெர்னெட் அப்பாவைப் பார்த்தாள். எட்டாவது வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு வாழைத்தோட்டத்துக்குப் போன அந்த ஆள், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரோடு சேர்ந்து தானும் சிரித்தார். லாசெல்ஸைக்கூட அவள் ஒருநாள் மன்னித்திருப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கும் அந்தப் பெயர் வந்தது. தலைகீழ் மகள். ஒருத்தியின் மூக்கை உடைத்தாள், ரெண்டு நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து இன்னொருத்தன் மூக்கை உடைத்தாள்.

கிங்ஸ்டனுக்குப் போய் மின்னணுப் பொறியியல் படித்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலைப் பார்த்த முதல் ஆள். உதவித்தொகை, ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற வேலை, கடன், எல்லாம் சேர்த்துத்தான் படித்தாள். அதைப் பற்றி யாராவது 'சாதனை' என்று பேசினால் எரிச்சல் வரும். வகுப்பில் ஆண்கள் அவளிடம் சால்டரிங் கம்பியைக் கொடுக்கும்போது சூடு என்று எச்சரித்துக் கொடுப்பார்கள். "தெரியும், சோறு வடிச்ச கைதான்" என்பாள்.

மூன்றாவது வருடத்தில்தான் அது தெரிந்தது. பழைய அமெரிக்க ஊஃபர்கள் சிலவற்றில் சிவப்பு முனை நேர்மாறு. சிவப்பில் பிளஸ் கொடுத்தால் காகிதம் வெளியே தள்ளாது, உள்ளே இழுக்கும். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். அப்பாவின் மேற்கு அடுக்கில் இருந்தவை, ஸ்பானிஷ் டவுனில் மூடிய ஒரு சினிமாக் கொட்டகையிலிருந்து வந்த அமெரிக்க ஊஃபர்கள். அப்பா சிவப்பைச் சிவப்போடு சேர்த்திருக்கிறார். கறுப்பைக் கறுப்போடு சேர்த்திருக்கிறார். தப்பே செய்யவில்லை.

அவள் புத்தகத்தை மூடிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதாள். அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பட்டமளிப்பு விழாவில் ஷெர்னெட் பின்னாக் என்று பெயர் கூப்பிட்டபோது, பின் வரிசையிலிருந்து மே பென் பையன் ஒருவன் "தலைகீழ்" என்று கத்தினான். மேடையில் நடந்துகொண்டே அவள் முடிவு செய்தாள். ரோலிங் ரிவர் மறுபடி நிற்கும். அதே லானில் நிற்கும். லாசெல்ஸ் வந்து பார்ப்பார். அதற்கப்புறம் அந்தப் பெயரை எவனும் வாயில் எடுக்கக் கூடாது.

கட்டி முடிக்க மூன்று வருடச் சம்பளம் ஆயிற்று. பழைய பெட்டிகளைக் கரையான் தின்றிருந்தது, எல்லாம் புதிது. ஓல்ட் ஹார்பரில் ஒரு சவப்பெட்டித் தச்சரின் பட்டறையில் பலகை அறுத்தாள். சனிக்கிழமை தோறும் பஸ் பிடித்துப் போனாள். அவர் கேட்டார்:

"இது யாருக்கும்மா? இவ்வளவு பெரிய உடம்பா?"

"உள்ள போறது பதினெட்டு அங்குல ஊஃபர், அங்கிள்."

"ஊஃபரை அடக்கம் பண்றவளை இப்பத்தான் பாக்குறேன்."

பக்கத்துக்கு நான்கு பெரிய ஊஃபர். பெட்டிக்குள் குறுக்குச் சட்டங்கள், ஒரு தட்டுத் தட்டினால் கல்லைத் தட்டிய மாதிரி இருக்க வேண்டும்; 'டொய்ங்' என்று ஒரு பலகை முனகினாலும் பிரித்து மறுபடி ஒட்டினாள். அப்பாவின் செட்டில் ஒரே ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் மொத்தமாகக் கத்தும். பெட்டிக்குள்ளிருக்கும் செப்புச் சுருள்கள் கனத்த சத்தம் உனக்கு, கீச்சுச் சத்தம் உனக்கு என்று பங்கு பிரிக்கும். பிரிக்கிற வேலையில் பாதி சக்தி சூடாகப் போய்விடும். ஷெர்னெட்டின் செட்டில் பங்கு முதலிலேயே பிரிந்துவிடும். சிறிய சூட்கேஸ் அளவுக்கு ஒரு கருவி பாட்டை நான்காக வெட்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் தனி ஆம்ப்ளிஃபயர், தனிப் பெட்டி. எந்தச் சத்தம் எவ்வளவு, எது ஒரு கண் இமைக்கிற நேரம் பிந்தி வர வேண்டும், எது தள்ள வேண்டும், எது இழுக்க வேண்டும், எல்லாம் அந்தக் கருவியின் பொத்தானில்.

ஒன்று மட்டும் அவளை அரித்தது. பழைய செட் எப்படிக் கேட்கும் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. கேட்டவர்களைக் கேட்டாள். ஆளுக்கொன்று சொன்னார்கள். கிழக்கு வேலியோரம் ஆடியவர், காற்று கால்சட்டையைப் பிடித்து இழுக்கும் என்றார். மேற்கே நின்றவர், நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவான் என்றார். அம்மாவிடம் போனில் கேட்டாள்.

"அப்பா செட்டு எப்படிம்மா இருக்கும்?"

"நல்லா இருக்கும். பேசிக்கிட்டே வேலை பாக்கலாம்."

"ஒரு செட்டைப் பத்திச் சொல்ற லட்சணமா இது?"

"கேட்ட, சொன்னேன். வெங்காயம் கருகுது, வை."

அவளுடைய சொந்த ஞாபகம் அதைவிட மோசம். அவள் அந்த ஆட்டங்களில் தூங்கினாள். அம்மாவின் சூப் மேசைக்கு அடியில் மடித்துப் போட்ட தார்ப்பாய், கரி அடுப்பின் இளஞ்சூடு, மேசைத்துணிக்குக் கீழே தெரிகிற செருப்புகள், "ஒரு கப், மிஸ் ஐசி, எலும்பு போட்டு" என்கிற குரல்கள். பாட்டு எங்கேயோ தூரத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓடுகிற மாதிரி. வாழ்க்கையில் அதைவிட நல்ல தூக்கம் அவள் தூங்கியதில்லை. செட்டுக்காரன் பெண் செட்டுக்குள்ளேயே தூங்குவாள் என்று ஊர் பெருமையாகச் சொல்லும். கிங்ஸ்டன் வாடகை அறையில் பக்கத்து வீட்டு டிவிக்கே தூக்கம் வராமல் புரளும்போது, அந்தத் தார்ப்பாயின் மண்ணெண்ணெய் வாசனையை நினைத்துக்கொள்வாள்.

ஆகஸ்ட் முதல் தேதி, அடிமை விடுதலை நாள் விடுமுறை. காலையிலேயே லாரி லானுக்குள் நுழைந்தது. கிழக்கே ஒரு அடுக்கு, மேற்கே ஒரு அடுக்கு, அப்பா நிறுத்திய அதே இடங்கள். மைக் வைத்து அளந்து, கணினித் திரையில் கோடு நேராகும்வரை திருத்தினாள். நடு மரத்தடியில் ரெண்டு அடுக்கின் கனத்த பாஸ் சத்தமும் தோளோடு தோள் சேர்ந்து வந்தது. அளவுக் கோட்டைப் பார்த்துத் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டாள்.

மதியம் லாசெல்ஸ் வந்தார். எழுபதைத் தாண்டிய ஆள், ஐரன் கேட்டை விற்றுவிட்டு முழங்கால் வலியோடு வாழ்கிறார். வாய் மட்டும் விற்கவில்லை.

"மகளே, பட்டம் வாங்கின கையால கட்டினியாமே. பட்டத்தைப் பெட்டிக்குள்ள வெச்சு ஆணி அடிச்சிட்டியா, இல்ல வெளியவா?"

"வாங்க மாஸ் லாசெல்ஸ். பாட்டரி கொண்டுவந்தீங்களா?" மாஸ் என்றால் ஊரில் பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை.

அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். நிஜமாகவே கொண்டுவந்திருந்தார். சுற்றி நின்ற ஆட்கள் சிரித்தார்கள். ஷெர்னெட் சிரிக்கவில்லை.

"ஒவ்வொண்ணா தொட்டுப் பாருங்க. எல்லாரும் பாக்குற மாதிரி."

தொட்டார். கிழக்கே, பொத். பொத். பொத். பொத். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேற்கே நடந்தார். பொத். பொத். பொத். கடைசி ஊஃபருக்கு முன்னால் கொஞ்சம் நின்று, அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தொட்டார். பொத். பாட்டரியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தொப்பியை எடுத்து அவளுக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

பதினேழு வருடம் காத்திருந்த நிமிடம். அவள் எதிர்பார்த்த அளவு இனிக்கவில்லை. சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது.

"எங்கப்பா தப்பாப் போடல, மாஸ் லாசெல்ஸ். அந்த அமெரிக்கா ஊஃபர்ல சிவப்புதான் உள்ள இழுக்கும். அவர் சிவப்பைச் சிவப்புலதான் போட்டார். உங்களுக்குத்தான் தெரியல."

"எனக்கு அடுத்த மாசமே தெரிஞ்சிருச்சு."

"என்னது?"

"அதே ஊஃபர் நானும் ரெண்டு வாங்கினேன். எனக்கும் இழுத்துச்சு."

"தெரிஞ்சும் வாயைத் திறக்கலையா? ஊரே அவரைத் தலைகீழ்னு கூப்பிட்டுது. சவப்பெட்டி போறப்பகூட அந்தப் பேரைச் சொல்லித்தான் பாடினாங்க."

லாசெல்ஸ் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "அதை உங்கம்மாகிட்ட கேளு. கரண்டியால அடி வாங்கினது நான்."

அதற்கு மேல் கேட்க முடியவில்லை. அம்மா வந்துகொண்டிருந்தாள். தலையில் மேசைத்துணி மூட்டை, பின்னால் ரெண்டு பேர் சூப் பானையைத் தூக்கிக்கொண்டு. மிஸ் ஐசில்டா யாரையும் எதுவும் கேட்கவில்லை. மரத்தடிக்குப் போய், காலால் ஒரு கல்லை ஒதுக்கிவிட்டு, அதே இடத்தில் மேசையைப் போட்டாள். பழைய பெஞ்சுகள் வந்து சுற்றி உட்கார்ந்தன. பெஞ்சோடு பழைய பெண்களும்.

ஷெர்னெட் முதல் இசைத்தட்டாக அப்பாவின் தட்டு ஒன்றையே எடுத்தாள். சட்டை முனையால் துடைத்தாள், அவர் துடைக்கிற மாதிரி. ஊசியை வைத்தாள்.

பாஸ் இறங்கியது. வேலித் தகரம் மொத்தமும் ஒரு தடவை சிலிர்த்தது. இளவட்டங்கள் கூவிக்கொண்டு நடுவுக்கு ஓடின, மரத்திலிருந்து காய்ந்த காய் நாலு உதிர்ந்தது. ஒரு பக்கத்து ஆட்கள் கையால் தகரத்தை அடித்தார்கள். பாட்டு பிடித்துவிட்டது, முதலிலிருந்து போடு என்று அர்த்தம். அவள் திருப்பிப் போட்டாள். மறுபடி அடித்தார்கள். மூன்று வருடமும் பஸ்ஸும் பசையும் தச்சனின் கேலியும் அந்த அடியில் கரைந்தன. கிழக்கும் மேற்கும் ஒரே மூச்சில் தள்ளின. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அம்மாவின் மேசையில் கரண்டி நடக்க ஆரம்பித்தது. தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்து விழுந்தது. சூப்பில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. ஒருவர் வாயைத் திறந்து ஏதோ கேட்டார். அம்மா காதைக் காட்டினாள். அவர் ஒரு விரலைக் காட்டினார். அம்மா ஒரு கப் ஊற்றினாள். அவர் தலையை ஆட்டி எலும்பு என்று கையால் ஏதோ சைகை செய்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பெஞ்சில் இருந்த மிஸ் யூனா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எழுந்தாள். இன்னொருத்தி எழுந்தாள். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் மேசை, பானை, பெஞ்ச், பெண்கள் எல்லாம் கேட்டுக்கு வெளியே போய்விட்டன.

கூட்டம் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நாற்பது தாண்டியவர்கள் ஒவ்வொருவராக, கையில் கப்போடு பேசுவதற்கு இடம் தேடி, கேட்டுக்கு வெளியே நழுவினார்கள். போகிறபோது ஒருவர் அவள் தோளைத் தட்டி, "சத்தம் பிரமாதம் மகளே. ஆனா ரோலிங் ரிவர் மாதிரி இல்ல" என்றார்.

அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "மாஸ் லாசெல்ஸ், இதைப் பாத்துக்குங்க" என்று அவரைத் தட்டுகளுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

"ஏம்மா, இன்னிக்கு ஒருநாள்தான். இன்னிக்குமா என் மானத்தை வாங்கணும்? எல்லாரும் பாக்க மூட்டையைக் கட்டிக்கிட்டு வெளிய வந்துட்ட?"

அம்மா பல்லிடுக்கில் ச்ச் என்று காற்றை உறிஞ்சினாள். "யாருக்கு ஒரு கப்பு, யாருக்கு ரெண்டு கப்புன்னு தெரியல. ஈரல் வேணாம்னவனுக்கு ஈரல் போட்டேன். நான் சூப்பு விக்கவா, ஊமை நாடகம் பாக்கவா?"

"அதே இடம்தானே. அப்பா செட்டுல வித்தியே."

"அப்பா செட்டுல அங்க பேசலாம்னு சொன்னேன்ல. உன் காதுல ஏறல."

"அவர் செட்டு ஒரு பக்கம் மாறி இருந்துச்சும்மா. அதான் அப்படி. அது பழுது."

"பழுதுதான். யாரு இல்லன்னா?" அம்மா பானையைக் கிளறினாள். "லாசெல்ஸ் ஊரைச் சிரிக்க வெச்ச அடுத்த மாசம், மனசு கேக்காம கட்டிங் பிளேயரோட வீட்டுக்கு வந்தான். மன்னிச்சிரு பின்னாக், அந்த ஊஃபரே அப்படித்தான், ரெண்டு நிமிஷ வேலை, மாத்திடுவோம்னான். உங்கப்பா பெட்டி முதுகைத் திறந்துட்டாரு. நான் கரண்டியோட போய் நின்னேன். அந்த ஒயரைத் தொட்டா சூப்புக்கு வேற பொம்பளையைப் பாத்துக்கன்னேன்."

"நீயா?"

"அந்த ஊஃபர் வர்றதுக்கு முன்னாடி நான் பட்ட பாடு உனக்கென்ன தெரியும்? உன்னை இடுப்புல வெச்சுக்கிட்டுச் சூப்பு விப்பேன். பாட்டு போட்டதும் வீல்னு கத்துவ. காதுல பஞ்சு வெப்பேன், புடுங்கிப் போடுவ. மூணு வயசு வரைக்கும் அந்தக் கூத்து. சினிமாக் கொட்டகை ஊஃபர் வந்துச்சு, முதல் ஞாயித்துக்கிழமையே மேசைக்கு அடியில போய்ப் படுத்து தூங்கிட்ட. நான் செத்துட்டியான்னு குனிஞ்சு பாத்தேன்."

அம்மா கரண்டியைப் பானை விளிம்பில் தட்டினாள்.

"உங்கப்பா சொன்னாரு, ஐசி, ஊர் சிரிக்குதுன்னு. சிரிச்சா சிரிக்கட்டும், புள்ள தூங்கட்டும், எனக்கு ஆர்டர் காதுல விழட்டும்னேன். கொஞ்ச நேரம் பெட்டியைப் பாத்துக்கிட்டே நின்னாரு. அப்புறம் பலகையை மூடித் திருகிட்டாரு. லாசெல்ஸ்கிட்டயும் சொல்லிட்டாரு, இதை யார்கிட்டயும் பேசாதே, பேசினா ஆளாளுக்கு வந்து சரிபண்றேன்னு நிப்பானுங்கன்னு."

"கரண்டியால அடிச்சியா?"

"அவன் சும்மா இல்லாம கையை உள்ள விட்டான்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"அந்தப் பேரைக் கேட்டாலே மூக்கை உடைக்கப் போறவகிட்ட என்னன்னு சொல்றது? நீ கேக்கவும் இல்லை."

கேட்கவில்லைதான். எதிர் எதிரே ரெண்டு ஊஃபர், ஒன்று தள்ள ஒன்று இழுக்க, சரிபாதித் தூரத்தில் பாஸ் ஒன்றையொன்று தின்றுவிட, வாசலிலிருந்து எதிர் வேலிவரை ஒரு வண்டித்தடம் அகலத்துக்கு அமைதி. இந்தப் படத்தை அவள் தேர்வில் அளவுகோல் வைத்து வரைந்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். அந்தக் கோட்டின் மேல் ஒரு சூப் மேசையும், மேசைக்கு அடியில் தார்ப்பாயில் ஒரு பிள்ளையும் இருந்ததை மட்டும் வரையவில்லை. அந்தப் பிள்ளை ஒன்பது வயதில் தூங்கி எழுந்து, அப்பா தொப்பியோடு நின்று சிரிப்பதைப் பார்த்து, பதினேழு வருடம் பல்லைக் கடித்தது. அவர் எப்போது வேண்டுமானாலும் ரெண்டு திருகாணியைக் கழற்றி அந்தப் பெயரைத் தூக்கி எறிந்திருக்கலாம். சாகும்வரை சுமந்திருக்கிறார்.

யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பழக்கம் காரணமாக அம்மாவையே முறைத்தாள்.

"என்னை ஏன் முறைக்கிற? கப்பு எடுத்துக் கொடு, கை சும்மாத்தானே இருக்கு."

"பானையைத் தூக்கச் சொல்லு" என்றாள் ஷெர்னெட். "பழைய இடத்துல போடு."

"காது போயிடும்."

"போடுன்னா போடும்மா."

உள்ளே வந்தாள். லாசெல்ஸ் அப்பாவின் தட்டு ஒன்றைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வெயில் சாய்ந்து, மரத்தின் இலைகள் மடங்க ஆரம்பித்திருந்தன. கருவியில் ஒவ்வொரு பங்குக்கும் கீழே வட்டத்தில் குறுக்குக் கோடு போட்ட ஒரு பொத்தான் இருந்தது. தள்ளுவதை இழுப்பதாக மாற்றுகிற பொத்தான். ஒயரை எவனும் மாற்ற முடியாதபடி அத்தனை பூட்டுப் போட்டவள், அந்தப் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். சற்று முன்புதான் ஊரே பார்க்க எட்டு ஊஃபரும் பொத் பொத்தென்று தள்ளியிருக்கின்றன. லாசெல்ஸ் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காதுக்குத் தெரியாமல் இருக்காது.

மேற்கு அடுக்கு, ஊஃபர் பங்கு. அழுத்தினாள். ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது.

நடுவில் ஆடிக்கொண்டிருந்த கூட்டம் படி தவறியது போல ஒரு கணம் தடுமாறியது. ஒருவன் கையை விரித்தான்.

"அக்கா, பாஸ் எங்க போச்சு?"

"ரெண்டு எட்டு தள்ளி நில்லு."

தள்ளி நின்றான். முகம் விரிந்தது. "இங்க இருக்கு, இங்க இருக்கு" என்று பக்கத்திலிருந்தவளையும் இழுத்துக்கொண்டான். கூட்டம் கிழக்கும் மேற்குமாகப் பிரிந்தது. மரத்தடியில் கேட்டிலிருந்து எதிர் வேலிவரை ஒரு பாதை திறந்தது. அந்தப் பாதை வழியாக அம்மா வந்தாள், பின்னால் பானை, பெஞ்சுகள், மிஸ் யூனா. அம்மா மேசையை ஊன்றினாள், கரண்டியை வைத்தாள். கரண்டி வைத்த இடத்தில் இருந்தது. அம்மா கொஞ்ச நேரம் கரண்டியையே பார்த்தாள். பிறகு ஏப்ரனைச் சரிசெய்துகொண்டு கப்புகளை அடுக்கினாள்.

லாசெல்ஸ் கண்ணைத் திறந்திருந்தார்.

"மகளே, ஒரு பக்கம் இழுக்குது."

"தெரியும். நான்தான் திருப்பினேன்." மைக்கை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "ஊருக்குச் சொல்லணும்னா சொல்லுங்க."

அவர் மைக்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மைக்கைத் தொடாமல், நாற்காலியைப் பிடித்து எழுந்து, முழங்காலை இழுத்து இழுத்து மரத்தடிக்கு நடந்தார். ஷெர்னெட்டும் கூடவே போனாள். ரெண்டு அடுக்கின் பாஸும் வழியெல்லாம் கால்சட்டையைப் பிடித்து இழுத்தது. மேசையை நெருங்க நெருங்க விட்டுவிட்டது. பாட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. கரி அடுப்பு வெடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. மேசைத்துணி காற்றில் லேசாகத் தூக்கிக்கொண்டது. அடியில் வெறும் மண். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

லாசெல்ஸ், சத்தத்துக்குள் கையாலேயே பேசிப் பழகிய செட்டுக்காரர் வழக்கப்படி, வாயைத் திறக்காமல் ரெண்டு கப் என்று ரெண்டு விரலைக் காட்டினார்.

"வாயை எங்கயாச்சும் அடகு வெச்சிட்டியா லாசெல்ஸ்?" என்றாள் அம்மா. "இங்க பேசினா கேக்கும்."